நாய்க்குத் தெரிந்தது நாட்டுக்குத் தெரிய வேண்டாமா?

“நாயே!”

நாட்டிலே நாள்தோறும் ஒலிக்கும் வசைமொழி இது. கூலி கேட்டு நிற்பவனைப் பார்த்து மேஸ்திரி வீசுகிறான் இந்தச் சொல்லை. வாடகை பாக்கிக்காரனைப் பார்த்து வீட்டுக்காரன் வீசுகிறான். பஸ்ஸிலே காலை மிதித்துவிட்டவனைப் பார்த்து மிதிபட்டவன் வீசுகிறான். குளிப்பாட்டி நடுவீட்டிலே வைத்தாலும் அதன் புத்தி போகாது என்று பழமொழி வேறு சொல்லி வைத்திருக்கிறோம். ஏச்சுக்கும் பேச்சுக்கும் இழிவுக்கும் உவமை தேடும்போதெல்லாம் நம் நாவிலே வந்து நிற்பது அந்த வாயில்லாப் பிராணிதான்.

ஆனால், தோழர்களே, ஒன்று கேட்கிறோம். கட்டிக்கொண்டிருக்கும் மாடிக் கட்டடம் ஒன்று சரிகிறது. கம்பியும் காங்கிரீட்டும் குவியலாகிக் கிடக்கின்றன. அதன் அடியிலே ஒரு கொத்தனார் மூச்சுத் திணறிக் கிடக்கிறார். கூப்பிட வலுவில்லை, கூப்பிட்டாலும் வெளியே கேட்காது. மேலே நிற்கும் மந்திரிக்குத் தெரியாது அவர் எங்கே கிடக்கிறார் என்று. பொறியாளருக்குத் தெரியாது. பெற்ற தாய் வந்து கதறினாலும் அவளுக்கும் தெரியாது. யாருக்குத் தெரியும்? நாம் யாரை இழிவின் சின்னமாக்கி வைத்திருக்கிறோமோ, அந்த நாய்க்குத் தெரியும்!

இது கற்பனையல்ல. ஏட்டிலே பதிவான வரலாறு.

தெருநாய் பெற்ற பதக்கம்

1940ஆம் ஆண்டு. இட்லரின் விமானங்கள் இலண்டன் மாநகர்மீது குண்டுமாரி பொழிந்த காலம். நகரின் கிழக்கே பாப்லர் என்றொரு பகுதி. கப்பல்துறைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். ஒரு குண்டுவீச்சுக்குப் பிறகு அங்கே ஒரு நாய் அனாதையாய்த் திரிந்தது. சாதி நாயல்ல, கலப்பின நாய், நம் ஊரிலே தெருநாய் என்று கல்லெறிவோமே, அந்த வகை. விமானத் தாக்குதல் காவலர் ஒருவர் இரக்கப்பட்டு ஏதோ தின்னக் கொடுத்தார். தின்றுவிட்டுப் போய்விடும் என்று எண்ணினார். அது போகவில்லை. ‘ரிப்’ என்று பெயரிட்டார்கள். யாரும் கற்றுக்கொடுக்காமலே அது இடிபாடுகளை முகர்ந்தது. ஓரிடத்தில் நின்று மண்ணைப் பறித்தது. தோண்டிப் பார்த்தால் அங்கே மனிதர்! ஓராண்டுக் காலத்திலே நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கண்டுபிடிக்க உதவியது அந்தத் தெருநாய்.

அதைக் கண்ட பிறகுதான் ஆள்வோருக்கு அறிவு பிறந்தது. நாய்களைத் தேர்ந்தெடுத்து, முறையாகப் பழக்கி, இடிபாடுகளிலே இறக்கினார்கள். ‘இர்மா’ என்றொரு அல்சேஷன். உயிரோடிருப்பவரைக் கண்டால் அதன் குரைப்பு ஒரு விதம். இறந்தவரைக் கண்டால் வேறு விதம். ஒருமுறை ஓர் இடிபாட்டின்மேல் நின்று, உள்ளே உயிர் இருக்கிறது என்று குரைத்தது. தோண்டினார்கள், எட்டவில்லை. நாய் நகரவில்லை. இரண்டு நாள் அது தன் சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை! இரண்டு நாளுக்குப் பிறகு இரு சிறுமியரை உயிரோடு எடுத்தார்கள். காலையில் ஒன்று மாலையில் ஒன்று பேசும் பெரிய மனிதர்கள் இந்த நாயிடம் பாடம் கேட்கலாம். போர் முடிவதற்குள் அது காட்டிக்கொடுத்தவர் 191 பேர். அவர்களுள் உயிரோடு மீண்டவர் 21 பேர்.

இர்மாவுக்கும், ரிப்புக்கும், ‘ஜெட்’ என்ற கறுப்பு அல்சேஷனுக்கும் 1945இலே டிக்கின் பதக்கம் சூட்டினார்கள். விலங்குகளின் வீரத்துக்கென்றே ஏற்பட்ட பதக்கம் அது. அதன்மீது பொறித்திருக்கும் சொற்களின் பொருள்: “நாங்களும் பணியாற்றுகிறோம்.” எத்தனை அடக்கமான சொல்!

ஜெட்டைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும்; குறிப்பாகத் தொழிலாளத் தோழர்களுக்குச் சொல்லவேண்டும். 1947 ஆகஸ்டு 15. நாம் மறக்க முடியாத தேதி. இங்கே கொடியேற்றி, இனிப்பு வழங்கி, பட்டாசு கொளுத்திய அதே நாளிலே, இங்கிலாந்தின் வைட்ஹேவன் நகரில் ‘வில்லியம்’ என்ற நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 104 சுரங்கத் தொழிலாளர்கள் மாண்டார்கள். யாரை ஏகாதிபத்தியம் என்று எதிர்த்தோமோ, அந்த நாட்டிலும் மண்ணுக்குள் மடிந்தவன் பாட்டாளிதான். அங்கே ஜெட்டைக் கொண்டுபோனார்கள். சுரங்கத்தின் உள்ளே மீட்புக் குழுவோடு நடந்த நாய் திடீரென்று நின்றது, பின்வாங்கியது. குழுவினரும் அதை நம்பிப் பின்வாங்கினார்கள். பிறகு கூரை சரிந்து விழுந்தது! தேடப்போனவர்களின் உயிரையும் அந்த நாய் காத்தது.

மூக்கு செய்யும் வேலை

மந்திரமா இது? மாயமா? எந்தச் சாமியாரின் அருளும் இல்லை இதிலே. பகுத்தறிவுக்கு உட்பட்ட செய்தி. மனிதன் உடலிலிருந்து ஒவ்வொரு நிமிடமும் ஆயிரக்கணக்கான தோல் துகள்கள் கண்ணுக்குத் தெரியாமல் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. மூச்சும் வியர்வையும் வேறு. இவையெல்லாம் கலந்த வாடை, இடிபாட்டின் இடுக்குகள் வழியே மேலே கசிகிறது. நம் மூக்கிலே மணமறியும் உணர்வணுக்கள் ஏறத்தாழ 50 லட்சம். நாய்க்கோ 20 கோடிக்கு மேல். நமக்கு வெறும் சிமெண்டு மணக்கும் இடத்திலே நாய்க்கு மனிதன் மணக்கிறான்.

இதிலே தொழில் வேறுபாடு உண்டு. காணாமற்போனவரின் சட்டையை முகர்ந்து அவர் நடந்த தடத்தையே பற்றிச் செல்லும் நாய் ஒரு வகை. குறிப்பிட்ட ஆள் என்றில்லாமல், காற்றிலே வரும் எந்த மனித வாடையையும் பிடித்து இடிபாட்டில் தேடுவது இன்னொரு வகை. மண்ணுக்கடியில் இறந்த உடலை மட்டும் கண்டு சொல்லப் பழக்கியது மூன்றாவது வகை. தச்சனிடம் கொல்லன் வேலை வாங்க முடியாது. வெடிகுண்டு தேடப் பழகிய நாயிடம் இடிபாட்டு வேலை வாங்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பயிற்சி. ஓராண்டு, ஒன்றரை ஆண்டு, சில வேளை இரண்டாண்டும் ஆகும்.

பயிற்சியின் அடிப்படை அடியல்ல, உதையல்ல, விளையாட்டு! ஒருவர் ஒளிந்துகொள்வார், நாய் கண்டுபிடித்துக் குரைத்தால் அதற்குப் பந்து கிடைக்கும். அந்தப் பந்துக்காக அது காங்கிரீட்டு மலையைக் கடக்கிறது. வேலை செய்யும் நேரமும் அளவோடுதான். இருபது, முப்பது நிமிடம் தேடினால் மூக்கு களைத்துவிடும், ஓய்வு தரவேண்டும், அடுத்த நாய் இறங்கவேண்டும். வாடை வெளிவரும் இடம் ஓரிடமாகவும், ஆள் கிடக்கும் இடம் சற்றுத் தள்ளியும் இருக்கக்கூடும். ஆகவே, ஒரு நாய் சொன்னதை இன்னொரு நாய் வந்து உறுதி செய்யவேண்டும்.

2023 பிப்ரவரியில் துருக்கி நாட்டைப் பூகம்பம் புரட்டிப்போட்டதே, அங்கே நம் தேசியப் பேரிடர் மீட்புப் படை சென்றது. நுர்தாகி என்ற ஊரில் ‘ஜூலி’ என்ற லாப்ரடார் ஓரிடத்தில் நின்று குரைத்தது. ‘ரோமியோ’ என்ற மற்றொரு நாயை அனுப்பிப் பார்த்தார்கள். அதே இடத்தில் அதுவும் குரைத்தது. தோண்டினார்கள், ஆறு வயதுச் சிறுமி உயிரோடு கிடைத்தாள். துருக்கிக் குழந்தை, இந்திய நாய்! அந்த நாய் மொழி கேட்டதா? மதம் கேட்டதா? பாஸ்போர்ட் கேட்டதா? உயிர் இருக்கிறதா என்ற ஒன்றைத்தான் கேட்டது.

மௌலிவாக்கமும் பெட்டிமுடியும்

நம் பக்கத்துக்கு வருவோம். 2014 ஜூன் 28. சென்னையை அடுத்த மௌலிவாக்கத்திலே, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மாலை மழையிலே அப்படியே உட்கார்ந்துவிட்டது. அரக்கோணத்திலிருந்து மீட்புப் படை வந்தது. மோப்ப நாய்களும் வந்தன. உயிரோடு மீட்கப்பட்டவர் 27 பேர். பிணமாக எடுக்கப்பட்டவர் 61 பேர். யார் அவர்கள்? ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் சொந்த மாவட்டங்களிலிருந்தும் வயிற்றுப் பிழைப்புக்கு வந்த கொத்தனார்கள், சித்தாள்கள், கம்பி கட்டுவோர்.

இப்படிப்பட்ட இடத்திலே மீட்புப் படை முதலில் கேட்கும் கேள்வி, “உள்ளே எத்தனை பேர்?” என்பது. நம் நாட்டுக் கட்டட வேலையிடங்களில் அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல ஆளிருக்கிறதா? மூட்டை சிமெண்டுக்குக் கணக்கு இருக்கும். கம்பிக்கு எடைச் சீட்டு இருக்கும். ஆளுக்கு? அன்று காலை லாரியில் வந்திறங்கியவனுக்குப் பெயர்ப் பதிவேடு ஏது? ஏட்டிலே இல்லாத மனிதனையும் தேடிப் போவது நாய் ஒன்றுதான். மனிதன் மறந்த கணக்கை நாயின் மூக்கு போடுகிறது. வெட்கப்படவேண்டியது யார்?

பெட்டிமுடியை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. மூணாறு மலைக்கு மேலே, இராஜமலைப் பக்கம். 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள்மீது மலை சரிந்தது. அங்கிருந்தவர் பெரும்பாலும் நம் தமிழர். கயத்தாறுப் பக்கத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறிக்கப்போனவர்கள். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, வெளியுலகுக்குச் செய்தி போய்ச் சேர விடிந்துவிட்டது. 70 உயிர்கள் போயின. அவர்களுள் நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை.

அந்தச் சேற்றிலே ஒரு நாய் அலைந்தது. ‘குவி’ என்று பெயர். காவல்துறை நாயல்ல, பயிற்சி பெற்றதல்ல, ஒரு தொழிலாளி வீட்டு முற்றத்திலே வளர்ந்த நாய். வீடு போயிற்று, வீட்டார் போயினர். நாய் மட்டும் போகவில்லை. ஆற்றோரத்திலே ஓரிடத்தைப் பார்த்தபடியே நின்றது. எட்டாம் நாள், அது காட்டிய இடத்திலே தேடியவர்களுக்கு அந்த வீட்டு இரண்டு வயதுக் குழந்தையின் உடல் கிடைத்தது. கூட விளையாடிய குழந்தையை அந்த நாய் எட்டு நாளும் மறக்கவில்லை. பிறகு அதைக் காவல்துறையினர் எடுத்துப் பராமரித்தனர். பின்னர் எஞ்சியிருந்த உறவினரிடமே அது திரும்பியது.

இலண்டனின் ரிப்புக்கும் பெட்டிமுடியின் குவிக்கும் கற்றுக்கொடுத்தவர் இல்லை. ஆயினும் இரண்டும் தேடின. அப்படியானால் பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். குவி தேடியது தன் வீட்டுக் குழந்தையை. பயிற்சி பெற்ற நாயோ, யார் வீட்டுப் பிள்ளையையும் தன் வீட்டுப் பிள்ளைபோல் தேடும். பாசம் தன்னவரோடு நின்றுவிடும். பயிற்சி அந்தப் பாசத்தை ஊருக்கெல்லாம் பொதுவாக்கும். நாட்டுக்கு வேண்டுவது அந்தப் பொதுமை!

2024 ஜூலை 30இல் வயநாட்டிலே முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணோடு போனபோது, கேரளக் காவல்துறையின் ‘மாயா’, ‘மர்பி’ என்ற நாய்கள் சேற்றுக்கடியில் கிடந்த உடல்களைக் காட்டிக்கொடுத்தன. அதே ஆண்டு டிசம்பர் 1இல் திருவண்ணாமலையிலே, பெருமழையில் மலைச்சரிவு ஒரு வீட்டை மூடியது. ஏழு பேர், அவர்களுள் ஐவர் குழந்தைகள். அரக்கோணத்திலிருந்துதான் அங்கும் படை வந்தது.

“பிணத்தை எடுத்து என்ன பயன்?”

“செத்தவனைத் தேட நாய் எதற்கு?” என்று கேட்கும் கல்நெஞ்சரும் உண்டு. அவர்களுக்குச் சொல்கிறோம். உடல் கிடைக்காதவன் சட்டத்தின் கண்ணில் இறந்தவனல்ல; காணாமற்போனவன். ஏழாண்டுகள் அவனைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லையென்றால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் பொதுவிதி. சில பேரிடர்களில் அரசு தனி ஆணை பிறப்பித்து அந்தக் காலத்தைக் குறைத்ததுண்டு. ஆனால் பொதுவிதி அதுதான். இறப்புச் சான்று இல்லையேல் இழப்பீடு இழுபறி, சேமநிதி இழுபறி, விதவைக்கு உதவித்தொகை இழுபறி. செல்வன் வீட்டுக்கு வழக்கறிஞர் இருக்கிறார். கூலிக்காரன் மனைவிக்கு யார்? அவளுக்கு அந்த உடல் ஒரு முடிவு; ஒரு சான்று; பிள்ளைகளின் கஞ்சி. மண்ணை முகர்ந்து நின்று குரைக்கும் நாய், அவளுக்காக வாதாடும் வழக்கறிஞர்!

இன்னொரு சாரார் கேட்கிறார்கள்: “ஆஸ்பத்திரியில் மனிதனுக்கே கட்டில் இல்லை, நாய்க்குக் கறிச்சோறா?” கேட்க நயமான கேள்விதான். ஆனால் இதைக் கேளுங்கள். தலைவர் மேடையேறும் முன், மேடைக்கடியிலே குண்டிருக்கிறதா என்று முகர்ந்து பார்க்க நாய் வருகிறது. வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அந்த மேடையைக் கட்டிய தச்சன் நாளை ஓர் இடிபாட்டிலே சிக்கிக்கொண்டால், அவனுக்கும் ஒரு நாய் வரவேண்டுமா இல்லையா? தலைவரின் உயிருக்கு ஒரு மூக்கு இருக்குமானால், தச்சனின் உயிருக்கும் ஒரு மூக்கு வேண்டும் என்கிறோம். தவறா?

“கருவிகள் வந்துவிட்டனவே, நாய் எதற்கு?” என்பார் படித்தவர். கருவிகள் வரட்டும், வரவேற்கிறோம். ஆனால் ஒலி கேட்கும் கருவிக்கு உள்ளே இருப்பவன் தட்டவேண்டும், முனகவேண்டும். மயங்கிக் கிடப்பவன் எப்படித் தட்டுவான்? மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருப்பவனையும் நாய் அறியும். பரந்து கிடக்கும் குவியலிலே எந்த மூலையில் தேடுவது என்று நாய் காட்டட்டும். அந்த மூலையிலே கருவி இறங்கட்டும். பிறகு மனிதன் தோண்டட்டும். மூன்றும் சேர்ந்தால்தான் மீட்பு. நாய் கண்டுபிடிக்கும், நாயால் காங்கிரீட்டைத் தூக்க முடியாது. நாய் ஒன்று போதும் என்று சொல்லவில்லை. நாய் இல்லாமல் போதாது என்றுதான் சொல்கிறோம்.

வேண்டுவன இவை

நேரம்தான் இதிலே உயிர். உயிரோடு மீள்பவர்களில் மிகப் பெரும்பாலோர் முதல் மூன்று நாட்களுக்குள், அதிலும் முதல் நாளிலேயே மீட்கப்படுகிறார்கள். தேசியப் படையின் நான்காவது அணி அரக்கோணத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் சில குழுக்களை முன்கூட்டியே மலைப்பகுதிக்கு அனுப்பி வைக்கிறார்கள். நல்லதே. ஆனால் மலை சரிவதற்கு முன்னறிவிப்புக் கொடுக்கிறதா? கட்டடம் நாள் குறித்துவிட்டா விழுகிறது?

ஆகவே கேட்கிறோம்:

ஒன்று: நீலகிரி போன்ற மலை மாவட்டங்களிலும், மாடிகள் முளைக்கும் பெருநகரங்களிலும், உயிர் தேடும் நாயும் உடல் தேடும் நாயும் கொண்ட குழு நிலையாக இருக்கவேண்டும். உங்கள் மாவட்டத்தில் இருக்கிறதா என்று ஆட்சியரைக் கேளுங்கள். சட்டமன்ற உறுப்பினரைக் கேளுங்கள்.

இரண்டு: நாயும் அதைப் பழக்கும் காவலரும் ஓர் இணை. பாதியிலே அந்தக் காவலரை வேறு ஊருக்கு மாற்றினால், நாயின் பயிற்சியில் பாதியை அழித்ததாகும். அவருக்கு மாறுதலில் பாதுகாப்பும், உழைப்புக்கேற்ற படியும் வேண்டும்.

மூன்று: ஒவ்வொரு கட்டட வேலையிடத்திலும் அன்றன்று உள்ளே சென்றவரின் பெயர்ப் பதிவேடு வாயிலில் இருக்கவேண்டும். உள்ளே யாரென்று தெரிந்தால்தான் தேடலை எங்கே நிறுத்துவது என்பதும் தெரியும்.

அரசைக் கேட்டால் போதுமா? நமக்கும் கடமையுண்டு. விபத்து நடந்த இடத்துக்கு முதலில் ஓடுபவர்கள் நம் தோழர்கள்தாம். ஓடுங்கள், ஆனால் நாய் இறங்கியதும் ஒதுங்குங்கள். குவியலின்மேல் ஏறி மிதிக்காதீர்கள். பொக்லைன் எந்திரத்தை நிறுத்தச் சொன்னால், “ஏன் நிறுத்தினாய்?” என்று கூச்சலிடாதீர்கள், அந்த அமைதியிலேதான் உள்ளிருப்பவனின் முனகல் கேட்கும். நாய்க்குப் பிஸ்கட் எறியாதீர்கள். யார் எந்த அறையில் படுத்திருந்தார், யார் எந்த மாடியில் வேலை செய்தார் என்று தெரிந்ததைப் படையினரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். 2001 செப்டம்பரில் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்த இடத்திலே நூற்றுக்கணக்கான நாய்கள் தேடின. உயிரோடு ஆள் கிடைக்காமல் நாளாக ஆக, அவை சோர்ந்துபோயின. பழக்கியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்களுள் ஒருவரை இடிபாட்டிலே ஒளிந்துகொள்ளச் செய்து, நாயை விட்டுத் தேடச் சொன்னார்கள். உயிருள்ள மனிதனைக் கண்டதும் நாய்க்குத் தெம்பு திரும்பியது! பயிற்சிக்கும் இப்படி ஒளிந்துகொள்ள ஆட்கள் வேண்டும். புதிய புதிய ஆட்கள் வேண்டும். உங்கள் ஊரிலே மீட்பு நாய்களுக்குப் பயிற்சி நடந்தால், “ஒளிந்துகொள்ள நாங்கள் வருகிறோம்” என்று பத்துத் தோழர்கள் போய் நில்லுங்கள். அரை மணி நேரம் ஒரு குழாய்க்குள் படுத்துக் கிடப்பதும் தொண்டுதான். நாளை அந்த நாய் தேடப்போவது உங்கள் அண்ணனாக இருக்கலாம்.

கட்டடம் கட்டுபவன் அதன் அடியிலே மாண்டால் விதி என்கிறோம். மலையிலே தேயிலை வளர்த்தவன் மலையடியிலே மாண்டால் இயற்கை என்கிறோம். விதியுமல்ல, இயற்கை மட்டுமல்ல. தேடினால் கிடைப்பான், நேரத்தோடு தேடினால் உயிரோடு கிடைப்பான். பாப்லர் தெருவிலே ஒரு தெருநாய் 1940லேயே அதை மெய்ப்பித்துவிட்டது. அந்த நாய்க்குத் தெரிந்தது நம் நாட்டுக்குத் தெரிய இன்னும் எத்தனை லயங்கள் புதையவேண்டும் என்று கேட்கிறோம்.

கேட்டுக்கொண்டே இருப்போம். இரண்டு நாள் நகராமல் நின்று குரைத்தாளே இர்மா, அவளைப்போல!